கச்சான் வேர்க்கடலை ஆன கதை: ஏஐ துணையோடு கவிதைத் தொகுப்பு போட நினைப்பவர்களுக்கு

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் ஓர் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். என் முதல் கவிதைத் தொகுப்பு இந்த வருஷம் வந்தது. 96 பக்கம், 54 கவிதைகள். ஆறு மாதத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை பதினான்கு மாதம் இழுத்தது. அதில் ஆறாயிரம் ரூபாய்க்கு மேல் தண்டம். எல்லாம் கேட்க ஆள் இல்லாமல் நானே தட்டுத்தடுமாறிப் போனதால் வந்தது.

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை நம் கரையில் எழுதுகிற பிள்ளைகள் இப்போது நிறையப் பேர். கையில் போன் இருக்கிறது, போனில் ஏஐ இருக்கிறது. எழுதத் தொடங்குவதிலிருந்து புத்தகத்தைத் தபாலில் சேர்ப்பது வரை நான் போன வழியை வரிசையாகச் சொல்கிறேன். நான் விழுந்த பள்ளங்களில் நீங்கள் விழ வேண்டாம்.

1. முதல் வரைவு நோட்டில் இருக்கட்டும்

நான் தொடங்கியதே தப்பாக. "ராமேஸ்வரம் மீனவர் வாழ்க்கை பற்றி ஒரு கவிதை எழுது" என்று தட்டினேன். மூச்சு விடுவதற்குள் இருபத்து நான்கு வரி வந்தது. நீலக்கடல், அலைகளின் தாலாட்டு, உப்புக் கண்ணீர், கடைசியில் நம்பிக்கையின் விடியல். நன்றாகத்தான் இருக்கிறது என்று அன்றைக்குத் தோன்றியது. நான்கு நாள் அதையே மாற்றி மாற்றி எழுதினேன். முடிவில் எந்த வரி என்னுடையது, எது அதனுடையது என்று எனக்கே பிடிபடவில்லை. அதையும் அதே மாதிரி ஏஐயிடம் வாங்கிய இன்னொன்றையும் சேர்த்து ஐந்து கவிதைகளை ஒரு சிற்றிதழுக்கு அனுப்பினேன். இரண்டில் மட்டும் பென்சில் கோடு போட்டு "இவற்றில் மிஷின் வாசம்" என்று எழுதித் திருப்பி அனுப்பினார் ஆசிரியர். சரியாக அந்த இரண்டுதான்.

ஏஐ வேலை செய்யும் விதம் அப்படி. இதுவரை படித்ததை வைத்து, அடுத்து எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணக்குப் போட்டு எழுதுகிறது. இணையத்தில் கடலுக்குப் பக்கத்தில் அதிகம் வந்த சொல் அலையும் நீலமும் என்றால் அதைத்தான் எடுத்து வைக்கும். எல்லாரும் எடுக்கிற சொல்லை விட்டுத் தள்ளிப் போவதுதானே கவிதை எழுதுகிறவன் பாடு.

இந்த ஐந்து வரி என் நோட்டில் இருந்தது (கச்சான் என்பது நம் கரையில் ஒரு காற்று):

கச்சான் நின்ற மறுநாள்
அம்மா சட்டியைக் கழுவி
வெயிலில் கவிழ்த்தாள்.
சட்டிக்குள் பழைய கடல்
கொஞ்சம் ஒட்டியிருந்தது.

இதைக் கொடுத்து "மேம்படுத்து" என்றேன். "அன்னையின் மௌனத்தில் ஆழ்கடல் உறங்குகிறது, நினைவுகளின் அலைகள் கரை சேர்கின்றன" என்று வந்தது. சட்டியைக் காணோம். வெயிலையும் காணோம். கழுவின அம்மாவும் போய் 'அன்னை' வந்து உட்கார்ந்துவிட்டாள்.

ஆகவே முதல் வரைவு காகிதத்தில். தேதி போட்டு எழுதுங்கள். அந்தத் தேதி 6-ஆம் படியில் உதவும். எப்போது எழுதுவது என்று கேட்டால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் தோதானது. விசைப்படகுக்காரர்கள் வீட்டில் இருப்பார்கள், பேச்சு கிடைக்கும். என் தொகுப்பில் பாதி ஒரே தடைக்காலத்தில் எழுதியது.

2. சொற்பட்டியல் தயார் செய்யுங்கள்

எல்லாப் படிகளிலும் இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்கச் சொல்வேன். எனக்கு மூன்று வாரம் ஆனது.

மேலே உள்ள கவிதையில் எழுத்துப்பிழை மட்டும் பார்க்கச் சொன்னபோது, கச்சான் என்பதற்கு 'வேர்க்கடலை' என்று பொருள் எழுதி, "வேர்க்கடலைப் பருவம் முடிந்த மறுநாள்" என்று மாற்றலாமா என்று கேட்டது. இலங்கைத் தமிழில் கச்சான் வேர்க்கடலைதான். ஏஐயைக் குற்றம் சொல்ல முடியாது. நம் கரையில் அது தென்மேற்கிலிருந்து அடிக்கிற காற்று என்பது அதற்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அத்தை பற்றிய கவிதையில் இன்னும் மோசம். அத்தை பாசி எடுக்கப் போகிறவள். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, பாறை பாறையாக முங்கி மரிக்கொழுந்து பிடுங்குவாள். வெளியூர்க்காரர்களுக்கு மரிக்கொழுந்து என்றால் தலையில் வைக்கிற வாசனைக்கொழுந்து. நம் கரையில் அது கடல்பாசி. ஏஐ என்ன செய்தது? "கூந்தலில் மரிக்கொழுந்து மணக்க அவள் கடலில் இறங்கினாள்" என்று திருத்திக் கொடுத்தது. அத்தையிடம் வாசித்துக் காட்டினேன். "தலையில வைக்கவா விரல் கிழிய முங்குறேன்?" என்று சிரித்தாள்.

பட்டியல் இப்படி இருக்கட்டும். சொல், பொருள், ஒரு வாக்கியம். உதாரணமாக: வத்தை, சிறு மரப்படகு, "வத்தையைக் கரையேற்றியாச்சு". கொண்டல், கிழக்கிலிருந்து வரும் காற்று. கட்டக்கோரை, ஒருவகைப் பாசி. வடகடல், பாக் விரிகுடாப் பக்கம். தென்கடல், மன்னார் வளைகுடாப் பக்கம். இதோடு காற்றுக்கும் கடலுக்கும் உள்ள கணக்கையும் எழுதிவிடுங்கள்: வாடையில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கும்; கச்சானில் அப்படியே தலைகீழ். இது தெரியாமல் ஏஐ "வாடைக் காற்றில் வடகடல் தூங்குகிறது" என்று ஒரு வரி சேர்த்தது. அழகாக இருக்கிறதே என்று நானும் விட்டுவிட்டேன். பாம்பனில் சித்தப்பாவிடம் வாசித்தபோது, "வாடையில வடகடல் தூங்குதா? எந்தக் கிறுக்கன்யா சொன்னான்?" என்றார். யார் சொன்னது என்று நான் சொல்லவில்லை.

என் பட்டியலில் 140 சொல் சேர்ந்தது. ஒவ்வொரு புதிய உரையாடலிலும் முதலில் இதை ஒட்டி, "இந்தச் சொற்களை மாற்றாதே, விளக்காதே" என்று சொல்லிவிட்டுத்தான் கவிதையைக் கொடுக்க வேண்டும். நேற்று சொன்னோமே, நினைவிருக்கும் என்று நம்பாதீர்கள்.

குரல் வழித் தட்டச்சிலும் இதே பிரச்சினைதான். பெரியவர்கள் பேச்சைப் பதிவு செய்து போனிடம் எழுதச் சொன்னால் வத்தை 'வார்த்தை' ஆகும். பதிவைக் கேட்டு நீங்களே தட்டச்சு செய்வதுதான் வழி. நேரம் பிடிக்கும், வேறு குறுக்குவழி எனக்குக் கிடைக்கவில்லை.

3. என்ன கேட்பது, என்ன கேட்கக் கூடாது

'எழுது', 'மேம்படுத்து', 'அழகாக்கு' இந்த மூன்றையும் மறந்துவிடுங்கள். எனக்குப் பயன்பட்ட கேள்விகள் வேறு.

"இந்தக் கவிதையில் எந்த வரியை எடுத்தால் எதுவும் குறையாது? வரியை மட்டும் காட்டு, மாற்று வரி தராதே."

"இதில் பலரும் எழுதித் தேய்ந்த சொற்றொடர் எது?" தேய்ந்த சொல்லை எழுதுவதில் கெட்டிக்காரன் என்பதால் அதைக் கண்டுபிடிப்பதிலும் கெட்டிக்காரன்.

"கடல் ஊரைப் பார்த்தே இராத ஒருவருக்கு இதில் எங்கே புரியாமல் போகும்?"

"54 கவிதைகளிலும் எந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது?" எனக்கு 'உப்பு' 31 தடவை என்றது. நானே எண்ணிப் பார்த்தேன், 38. எண்ணிக்கையை நம்ப வேண்டாம், துப்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பது இடத்தில் உப்பை எடுத்தேன்.

பாராட்டு இதன் பெரிய வியாதி. எதைக் கொடுத்தாலும் "ஆழமான, மனதைத் தொடும் படைப்பு" என்று ஆரம்பிக்கும். ஒருநாள் சோதனைக்காக ஐஸ் பார் கணக்கை வரி உடைத்துக் கொடுத்தேன். எளிமையின் வழியே உழைப்பின் வலியைச் சொல்வதாகப் பாராட்டியது. "பாராட்டாதே" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்படியும் கொஞ்சம் கசியும்.

செலவு: இலவசக் கணக்கே போதும். சாட்ஜிபிடி, ஜெமினி இரண்டிலும் பார்த்தேன். நமக்கு வேண்டிய வேலைக்குப் பெரிய வித்தியாசமில்லை. கட்டணத் திட்டத்துக்கு இரண்டு மாதம் பணம் கட்டினேன், தேவையே இல்லை. ஒரே நாளில் ஐம்பது கவிதையைத் திணிக்காமல் நாளுக்கு மூன்று என்று பாருங்கள்.

4. மரபுக் கவிதையா? யாப்பை அதனிடம் விடாதீர்கள்

புதுக்கவிதை மட்டும் எழுதுகிறவர்கள் இதைத் தாண்டிப் போகலாம்.

வெண்பா கேட்டால் தயங்காமல் தரும். சரியா என்று கேட்டால் "ஆம், முழுமையான வெண்பா" என்று சத்தியம் செய்யும். எனக்குத் தந்ததில் ஈற்றடியில் நான்கு சீர் இருந்தது. மூன்றுதான் வர வேண்டும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்தது. உள்ளே இன்னொரு தப்பு, 'கடலில் வந்த' என்று. கடலில் என்பது நிரைநேர், புளிமா. அடுத்து 'வந்' என்று நேர் வருகிறது. மாமுன் நிரை வந்தால்தான் வெண்டளை, அதாவது வெண்பாவில் சீரோடு சீர் சேர வேண்டிய முறை. 'கடலில் வருகின்ற' என்று மாற்றினால் தளை சரியாகிவிடும். இதைச் சுட்டிக்காட்டினால் மன்னிப்புக் கேட்டுவிட்டு, வேறு இடத்தில் உடைத்துக் கொடுக்கும்.

காரணம், அது நம்மைப் போல எழுத்தெழுத்தாகப் பார்ப்பதில்லை. சொற்களைத் துண்டுகளாக வெட்டி வைத்துக்கொள்கிறது. அந்தத் துண்டுக்கு டோக்கன் என்று பெயர். (மீன்துறை டோக்கனுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அங்கே டோக்கன் இல்லாமல் கடலுக்குப் போக முடியாது, இங்கே டோக்கனால்தான் கரை தெரியவில்லை.) துண்டு வெட்டுகிற இடமும் அசை பிரிகிற இடமும் ஒன்றாக இருப்பதில்லை.

அவலோகிதம் என்று ஒரு யாப்பு மென்பொருள் இணையத்தில் இலவசமாக இருக்கிறது. பாட்டை ஒட்டினால் அசை, சீர், தளை, தொடை எல்லாம் பிரித்துக் காட்டும். இது ஊகிப்பதில்லை, விதிப்படி பிரிப்பது. அதில் போட்டுப் பாருங்கள்.

5. மேற்கோளை மூலத்தில் பார்த்த பிறகே அச்சுக்குக் கொடுங்கள்

முன்னுரையில் நெய்தல் பாட்டு ஒன்று வைக்க ஆசைப்பட்டேன். ஏஐ குறுந்தொகை 437-ஆம் பாடல் என்று அழகான நான்கு வரி தந்தது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயா ஒருவரிடம் கொண்டுபோனேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "தம்பி, குறுந்தொகையில கடவுள் வாழ்த்தை விட்டா 401 பாட்டுதான். மிச்சம் 36 பாட்டை எங்க கண்டெடுத்த?" என்றார். என் வாழ்நாளில் அப்படி வியர்த்ததில்லை.

பாட்டு, பாடல் எண், புலவர் பெயர் மூன்றையும் தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்திலோ, பழைய தமிழ் நூல்களை இணையத்தில் வைத்திருக்கிற மதுரைத் திட்டத்திலோ சரிபாருங்கள். இரண்டும் இலவசம். நெய்தல்தான் வேண்டும் என்றால் ஐங்குறுநூற்றில் 101 முதல் 200 வரை முழுக்க நெய்தல், அம்மூவனார் பாடியது. நேராக அங்கே போய்விடலாம், ஏஐயை இடையில் வைக்க வேண்டியதே இல்லை.

6. வரைவுகளைப் பத்திரப்படுத்துங்கள்

நோட்டு, தேதி, ஏஐயுடன் நடந்த உரையாடல், திருத்திய படி. இந்த நான்கும் ஒவ்வொரு கவிதைக்கும் இருக்க வேண்டும். போட்டிகளிலும் இதழ்களிலும் ஏஐ பயன்படுத்தவில்லை என்று உறுதிமொழி கேட்கிற வழக்கம் வந்துவிட்டது. விதிமுறையை முழுதாகப் படியுங்கள். பிழை திருத்தம்கூடக் கூடாது என்கிறார்களா, எழுதவைப்பது மட்டும் கூடாதா என்பதில்தான் சிக்கல். புரியாவிட்டால் கடிதம் போட்டுக் கேளுங்கள், மறைத்துவிட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள்.

'ஏஐ எழுதியதா என்று கண்டுபிடித்துத் தருகிறோம்' என்கிற தளங்களுக்குப் பணம் கட்ட வேண்டாம். சாட்ஜிபிடியைச் செய்த ஓபன்ஏஐ நிறுவனமே தன்னுடைய கண்டறியும் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் நிறுத்திவிட்டது. நம்மைக் காப்பாற்றுவது நோட்டுதான்.

இன்னொன்று. பாட்டிமார் பாடுகிற பாட்டு, கரைவலை இழுக்கும்போது பாடுகிற பாட்டு இவற்றை அப்படியே ஏஐக்குள் கொட்டாதீர்கள். பாடியவரிடம் கேளுங்கள். என் அத்தை இரண்டு பாட்டுக்குச் சரி என்றாள், ஒன்றுக்கு வேண்டாம் என்றாள். அது அவள் அம்மா இறந்தபோது பாடியது. அது போனிலும் இல்லை, புத்தகத்திலும் இல்லை.

7. எழுத்துரு: அச்சகத்தில் வரும் முதல் தலைவலி

ஏஐயும் போனும் தருவது யூனிகோடு, எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்து முறை. சிறிய அச்சகங்கள் பலவற்றில் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருவும் பக்கம் அமைக்கப் பழைய பேஜ்மேக்கர் மென்பொருளும்தான். நான் பென்டிரைவில் கொண்டுபோன கோப்பு அங்கே திறந்தபோது முழுக்கக் கட்டம் கட்டமாக வந்தது. "திரும்ப அடிச்சிடலாம் சார்" என்றார்கள். 2,400 ரூபாய் கொடுத்தேன். அடித்து வந்த படியில் பக்கத்துக்கு ஏழெட்டுப் பிழை. வத்தை அங்கே வாத்து ஆகியிருந்தது.

பணம் கொடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "யூனிகோடு கோப்பை அப்படியே எடுப்பீர்களா?" இல்லை என்றால் வேறு அச்சகம் பாருங்கள், அல்லது என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றியில் நீங்களே மாற்றிக் கொடுங்கள். மாற்றிய பின் கொ, கோ, கௌ, ஸ்ரீ, ஷ் வருகிற இடங்களைத் தேடிப் பாருங்கள், உடைவது அங்கேதான். பக்கம் அமைக்க இன்டிசைன் மென்பொருள் வைத்திருப்பவர்களிடம் 'வேர்ல்ட் ரெடி கம்போசர்' போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். ஏஐயிலிருந்து நகலெடுத்த உரையில் நட்சத்திரக் குறிகள் ஒட்டிக்கொண்டு வரும், அவற்றையும் துடைத்துவிடுங்கள்.

மெய்ப்பை, அதாவது அச்சுக்கு முன் பிழை பார்க்கத் தரும் படியை, காகிதத்தில் கேளுங்கள். போன் திரையில் ஒரே வரியாக இருந்தது பக்கத்தில் மடங்கி இரண்டு வரியாகும். கவிதைக்கு அது உயிர் போகிற விஷயம். மூன்று மெய்ப்பு பாருங்கள். மூன்றாவதை உங்கள் கவிதையை அதுவரை பார்க்காத ஒருவரிடம் கொடுங்கள்.

8. ஐ.எஸ்.பி.என்.: இதற்கு ஒரு பைசா கிடையாது

ஐ.எஸ்.பி.என். என்பது ஒரு புத்தகத்துக்கு உரிய பன்னாட்டு அடையாள எண். இங்கேதான் நான் மொட்டையடிக்கப்பட்டேன். 'எண் வாங்கித் தருகிறோம்' என்ற ஒரு தரகரிடம் 3,500 ரூபாய் கொடுத்தேன். எண் வந்தது. ஆனால் பதிப்பாளர் என்ற இடத்தில் அவருடைய பெயர்! என் புத்தகத்துக்கு அவர் பதிப்பாளர். கெஞ்சிப் பார்த்துவிட்டு அந்த எண்ணையே விட்டுவிட்டேன்.

இந்தியாவில் ஐ.எஸ்.பி.என். தருவது ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை, மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் உள்ளது. இணையத்தில் விண்ணப்பம், கட்டணம் இல்லை. தனி ஆள் தன் புத்தகத்துக்குத் தானே வாங்கலாம். அரசுத் தளமா என்று முகவரியின் கடைசிப் பகுதியைப் பாருங்கள். 'ஜிஓவி டாட் இன்' என்று முடிய வேண்டும். அதே பெயரில் தரகர் தளங்களும் உண்டு.

கையில் வைத்திருக்க வேண்டியவை: அடையாளச் சான்று, புத்தகத்தின் தலைப்புப் பக்கம், உரிமைப் பக்கம், பின்னட்டை வரைவு, ஒரு வேண்டுகோள் கடிதம். பெயரும் தலைப்பும் ஆங்கிலத்தில் எழுதும்போது எல்லாத் தாளிலும் ஒரே எழுத்துக்கூட்டல் இருக்கட்டும். அடையாளச் சான்றில் ஒன்று, தலைப்புப் பக்கத்தில் ஒன்று என்று என் முன்னெழுத்து மாறியிருந்ததால் ஒருமுறை திரும்பி வந்தது. இரண்டாம் முறை மூன்று வாரத்தில் எண் வந்துவிட்டது. எண் உரிமைப் பக்கத்திலும் பின்னட்டையிலும் வர வேண்டும் என்பதால் அச்சுக்கு இரண்டு மாதம் முன்பே போட்டுவிடுங்கள். மின்னூலுக்கும் வாங்குவதானால் அதற்குத் தனி எண். பட்டைக்குறி (பார்கோடு) போடுவது அச்சகத்தார் வேலை, தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

9. பதிப்புரிமைப் பதிவு

கட்டாயம் இல்லை. எழுதிய நிமிஷமே உரிமை உங்களுக்கு வந்துவிடுகிறது; உங்கள் ஆயுள், அதற்குப் பின் 60 ஆண்டு. பதிவு என்பது நாளைக்கு வழக்கு என்று வந்தால் காட்ட ஒரு சான்று. நான் பதிந்தேன், மனத்திருப்திக்கு.

இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். தொகுப்பு முழுவதையும் ஒரே படைப்பாகப் போடலாம். கவிதைக்கு ஐந்நூறு என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். படிவம் 14-ஐ இணையத்தில் நிரப்பி, படைப்பின் படியையும் கையொப்பத்தையும் ஏற்ற வேண்டும். பதிப்பாளர் வேறு ஆள் என்றால் அவரிடம் ஆட்சேபணை இல்லை என்ற கடிதம் வாங்க வேண்டும். பணம் கட்டியதும் டைரி எண் வரும், குறித்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து 30 நாள் யாராவது ஆட்சேபிக்கிறார்களா என்று காத்திருப்பார்கள். அதற்கப்புறம்தான் பரிசீலனை. எனக்குச் சான்றிதழ் வர மொத்தம் ஐந்து மாதம் ஆயிற்று.

படைப்பாளர் என்ற கட்டத்தில் உங்கள் பெயர் மட்டும். நேர்மையாக இருக்கிறோம் என்று ஏஐயின் பெயரைச் சேர்க்காதீர்கள். 2020-ல் ஓர் ஓவியத்துக்கு ஏஐ மென்பொருளை இணைப் படைப்பாளராகக் காட்டிப் பதிவு கிடைத்தது. பிறகு பதிப்புரிமை அலுவலகமே அதைத் திரும்பப் பெறுவதாக அறிவிப்பு அனுப்பியது. கணினி உருவாக்கிய படைப்புக்கு, அது உருவாகக் காரணமான ஆளே படைப்பாளர் என்று 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. ஆனால் ஒரு வரி தட்டிவிட்டு ஏஐ கொடுத்ததை அப்படியே போட்டவரைக் 'காரணமான ஆள்' என்று சொல்லலாமா என்பது வக்கீல்கள் பேசுகிற பேச்சு. முதல் படியில் நோட்டு என்று சொன்னேனே, அந்த நோட்டு இருந்தால் இந்தப் பேச்சுக்குள்ளேயே போக வேண்டியதில்லை.

10. அட்டை, அச்சு, அனுப்புதல்

அட்டைக்கு ஏஐ படம் கேட்டேன். 'ராமநாதபுரம் கடற்கரை, நாட்டுப்படகு' என்றதற்குத் தென்னந்தோப்பும் கேரளத்துக் கெட்டுவள்ளமும் வரைந்தது. இங்கே பனைதானே? மேலே எழுதிய தலைப்பு தமிழ் மாதிரி இருந்தது, தமிழ் இல்லை. கடைசியில் வலை பின்னுகிற சித்தப்பாவின் கையைத் தம்பி போனில் எடுத்தான், அதுவே அட்டை. படம் எடுத்தவரிடம் இரண்டு வரி அனுமதிக் கடிதம் வாங்கிவிடுங்கள், தம்பியாக இருந்தாலும்.

அச்சு: டெமி அளவு, 96 பக்கம், 100 பிரதிக்கு எனக்கு 8,200 ரூபாய் ஆனது. 16 பக்கம் ஒரு ஃபாரம், 96 என்றால் ஆறு ஃபாரம். 98 பக்கம் வந்தால் இரண்டு பக்கம் குறைக்கப் பாருங்கள், செலவு மிச்சம். முதல் தொகுப்புக்கு 100 பிரதிக்கு மேல் போடாதீர்கள். 300 போட்டால் விலை குறையும் என்று அச்சகத்தில் சொல்வார்கள், உண்மைதான். மிச்சம் 200 யார் கட்டிலுக்கடியில் இருக்கும் என்று அவர்கள் சொல்ல மாட்டார்கள்.

மின்னூல் வேண்டுமென்றால் அமேசானின் மின்னூல் வெளியிடும் தளமான கே.டி.பி.யில் தமிழ் உண்டு, ஏற்றுவதற்குக் கட்டணம் இல்லை. ஏஐ பயன்படுத்தினீர்களா என்று உரை, படம், மொழிபெயர்ப்பு மூன்றுக்கும் தனித்தனியாகக் கேட்பார்கள். ஏஐ எழுதியதை நீங்கள் எவ்வளவுதான் திருத்தியிருந்தாலும் 'ஆம்' என்றுதான் சொல்ல வேண்டும். நீங்கள் எழுதியதை அது பிழை பார்த்தது என்றால் சொல்லத் தேவையில்லை. வரி விவரத்துக்கு பான் எண்ணை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சொந்தமாகப் போட்டால் பதிப்பாளர் நீங்கள்தான். அப்போது ஒரு கடமை உண்டு. பலருக்கும் இது தெரியாது. வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை ஏசியாட்டிக் சொசைட்டி நூலகம், டெல்லி பொது நூலகம் நான்குக்கும் தலா ஒரு பிரதி உங்கள் செலவில் அனுப்ப வேண்டும். 1954-ஆம் ஆண்டுச் சட்டம். எனவே 100 பிரதி என்பது கணக்குக்கு 96தான்.

புத்தகம் அனுப்ப அஞ்சல் துறையில் 2025 மே முதல் 'ஞான் போஸ்ட்' இருக்கிறது. 300 கிராம் வரை 20 ரூபாயும் வரியும், அதிகபட்சம் 5 கிலோ, எங்கே போகிறது என்று பின்தொடரவும் முடியும். தரைவழியாகப் போவதால் கொஞ்சம் தாமதமாகும். புத்தகத்தில் அச்சகத்தார் அல்லது பதிப்பாளர் பெயர் இருந்தால்தான் எடுப்பார்கள், உரிமைப் பக்கத்தில் அதை விட்டுவிடாதீர்கள். கவுன்டரில் 'ஞான் போஸ்ட்' என்று பெயரைச் சொல்லிக் கேளுங்கள், கேட்காவிட்டால் ஸ்பீடு போஸ்ட்டில் போட்டுவிடுவார்கள். உறைக்குள் ஒரு பாலித்தீன் சுற்று இருக்கட்டும். வாடை மழையில் நான் அனுப்பிய முதல் பிரதி ஊறிப்போய்ச் சேர்ந்தது. வாங்கியவர் வெயிலில் காயவைத்துப் படம் எடுத்து அனுப்பினார், பக்கமெல்லாம் கருவாடு மாதிரி சுருண்டிருந்தது.